மீன் எண்ணெய் நுண்பால்மம்: தெளிந்த மாதிரியில் இரண்டு உச்சிகள் வந்தது ஏன்?

மண்டபத்து மாணவி
ஏப்ரல் 9, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். முதுநிலை வேதியியல் இறுதியாண்டு படிக்கிறேன். சாளை எண்ணெயை நுண்பால்மமாக்கி, அதாவது நீரில் மிக நுண்ணிய துளிகளாகத் தெளிந்து நிற்கும்படி கலந்து, அதன் பண்புகளை ஆராய்வது என் திட்டப்பணி. எண்ணெய் எங்கள் ஊருக்கு அருகில் மீன் எண்ணெய் எடுக்கும் கொட்டகை ஒன்றில் வாங்கியது. எண்ணெயையும் நீரையும் இணைக்கும் சர்ஃபேக்டன்டாக ட்வீன் 80, அதற்குத் துணையாக எத்தனால், நீராக வாலைவடிநீர். இரண்டு மாதிரிகள் கைவசம் இருக்கின்றன. ‘அ’ என்பதில் எடைக் கணக்கில் எண்ணெய் 2, ட்வீன் 24, எத்தனால் 12, நீர் 62 சதவீதம். ‘ஆ’ என்பதில் எண்ணெய் 8 சதவீதம். ட்வீனும் எத்தனாலும் அதே அளவு. மீதி 56 சதவீதம் நீர். ‘அ’ மாதிரியின் குழாய்க்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால் எழுத்தைத் தடையின்றிப் படிக்கலாம். ‘ஆ’ வெறுமனே கலக்கியபோது வெளுத்துப்போய்த்தான் இருந்தது. மீயொலிக் கருவியில் பத்து நிமிடம் வைத்த பிறகு, விளிம்பில் நீலம் பூத்த ஒரு மங்கலோடு நிற்கிறது.

துளியின் அளவை அறிய டிஎல்எஸ் எனப்படும் இயங்கு ஒளிச்சிதறல் சோதனை தேவைப்பட்டது. கல்லூரியில் அக்கருவி இல்லாததால் வெளியூர்ச் சோதனை மையம் ஒன்றுக்குக் கட்டணம் கட்டி அனுப்பினேன். வந்த அறிக்கையின் துளியளவு வரைபடத்தில் ‘அ’ மாதிரிக்கு 11 நானோமீட்டரில் ஒன்றும் 180 நானோமீட்டரில் ஒன்றுமாக இரண்டு உச்சிகள். ‘ஆ’ மாதிரிக்கு 150 நானோமீட்டரை ஒட்டி அகலமான ஒரே உச்சி. நெறியாளர் அறிக்கையைப் பார்த்துவிட்டு, ‘அ’ சரியாக அமையவில்லை, ‘ஆ’ பரவாயில்லை என்கிறார். கண்ணெதிரே தெளிந்து நிற்கும் திரவத்தில் 180 நானோமீட்டர் துளிகள் எப்படி வந்தன என்று எனக்குப் புரியவில்லை. கல்லூரியில் மின்கடத்துத்திறன் மீட்டர், ஆஸ்வால்டு பாகுநிலைமானி, அபே ஒளிவிலகல்மானி, மையவிலக்குக் கருவி ஆகியவை உள்ளன. இவற்றைக் கொண்டு எதை நிறுவ முடியும் என்று வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

உப்புக்காற்று
ஏப்ரல் 9, இரவு 11.05

அம்மா, விடை சொல்வதற்கு முன் நான்கு கேள்விகள். சோதனை மையத்தில் மாதிரியை அப்படியே அளந்தார்களா, நீர்த்துப்போகச் செய்து அளந்தார்களா? நீங்கள் எந்த வரிசையில் கலந்தீர்கள்? உங்கள் ஆய்வகத்தின் வெப்பநிலை என்ன? எண்ணெய் வாங்கி எத்தனை நாளாயிற்று? கடைசிக் கேள்வி சம்பந்தமில்லாததுபோல் தோன்றும், இருந்தாலும் சொல்லுங்கள்.

மண்டபத்து மாணவி
ஏப்ரல் 10, காலை 7.15

ஐயா, மையத்துக்குத் தொலைபேசியில் கேட்டேன். எந்த மாதிரி வந்தாலும் நூறு மடங்கு தண்ணீர் சேர்த்து 25 டிகிரியில் அளப்பதுதான் அவர்களுடைய வழக்கமாம். எண்ணெய், ட்வீன், எத்தனால் மூன்றையும் முதலில் கலந்து, பிறகு நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தேன். எங்கள் ஆய்வகத்தில் குளிர்சாதனம் இல்லை. பகலில் 34, 35 டிகிரி இருக்கும். எண்ணெய் ஜனவரியில் வாங்கியது. ஐந்து லிட்டர் கேனில் வீட்டு மாடி அறையில் வைத்திருக்கிறேன்.

உப்புக்காற்று
ஏப்ரல் 10, மாலை 6.30

அப்படியானால் அந்த அறிக்கை உங்கள் மாதிரியைப் பற்றியதே அல்ல. உங்கள் மாதிரியைத் தண்ணீரில் கொட்டினால் என்ன ஆகும் என்பதைப் பற்றியது.

நுண்பால்மத்தில் துளி என்பது மணல் துகளைப் போலத் தனித்து நிற்கும் பொருளன்று. எண்ணெய், நீர், சர்ஃபேக்டன்ட், துணைப் பொருள் ஆகிய நான்கும் அந்த விகிதத்தில், அந்த வெப்பநிலையில் ஒன்றுக்கொன்று சமநிலையில் இருப்பதால் மட்டுமே அத்துளி அந்த அளவில் இருக்கிறது. நூறு மடங்கு நீர் சேர்த்ததும் 12 சதவீத எத்தனால் 0.12 சதவீதமாகிவிடுகிறது. எண்ணெயும் நீரும் சந்திக்கும் இடைமுகத்தில் ட்வீன் மூலக்கூறுகளுக்கு நடுவே புகுந்து அப்படலத்தை வளைய விட்டுக்கொண்டிருந்த எத்தனால் முழுவதும் நீருக்கு ஓடிவிடுகிறது. ட்வீனோ 24 சதவீதத்திலிருந்து 0.24 சதவீதத்துக்கு வந்தாலும், மிசெல் எனப்படும் சர்ஃபேக்டன்ட் மூலக்கூறுகளின் சிறு திரள் கலையும் செறிவுக்கு மிக மேலேயே நிற்கும், ஏனெனில் அதன் மிசெல் வரம்பு லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராமைத் தாண்டாது. ஆகவே மிசெல்கள் அப்படியே இருக்கும். அவற்றால் தாங்க முடியாத எண்ணெய் மட்டும் வெளியே வந்து பெரிய துளிகளாகத் திரளும். எண்ணெய் இல்லாத வெறும் ட்வீன் 80 மிசெலின் விட்டமே ஏறத்தாழ 10 நானோமீட்டர்தான் என்பதை நினைவில் கொள்ளுங்கள். உங்கள் 11 நானோமீட்டர் உச்சி காலி மிசெல். 180 நானோமீட்டர் உச்சி, மையத்தின் குவளையில் பிறந்த துளி.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சிறு துகள் சிதறடிக்கும் ஒளியின் செறிவு அதன் விட்டத்தின் ஆறாம் அடுக்கைப் பொறுத்தது. 180 நானோமீட்டருக்கு இவ்விதி அப்படியே பொருந்தாது என்றாலும், மதிப்பீட்டுக்காக வைத்துக்கொண்டால், 180ஐ 11 ஆல் வகுத்து ஆறாம் அடுக்குக்கு உயர்த்தும்போது சுமார் 1.9 கோடி வருகிறது. அதாவது ஒரு பெரிய துளி ஏறத்தாழ இரண்டு கோடிச் சிறு துளிகளின் குரலை அமுக்கிவிடும். அறிக்கையில் இரு உச்சிகளும் ஒரே உயரத்தில் இருந்தாலும், எண்ணிக்கையில் பெரியவை ஒன்றுமே இல்லை என்று சொல்லத்தக்க அளவில்தான் இருந்திருக்கும். நம் கரையோரக் காற்றிலுள்ள தூசியும் உப்புத்துகளும்கூடக் குவளையில் விழுந்து இப்படியொரு உச்சியைக் காட்டவல்லவை.

பாம்பன் பாலத்தடி
ஏப்ரல் 10, இரவு 8.20

நான் வேதியியல் படித்தவனல்லன். வெள்ளை பினாயில் தயாரித்துக் கடைகளுக்குப் போடுகிறேன். ஐயா சொன்னதைப் படித்ததும் ஒன்று நினைவுக்கு வந்தது. எங்களுக்கு வரும் காம்பவுண்ட் தேன் நிறத்தில் தெளிவாக இருக்கும். அதில் தண்ணீர் ஊற்றிய உடனே பாலாகிவிடும். டெட்டாலும் அப்படித்தான். இரண்டும் நீங்கள் சொல்கிற அதே காரணத்தால்தானா? தெளிவாக இருந்தாலே நுண்பால்மம் என்று சொல்லிவிடலாமா?

உப்புக்காற்று
ஏப்ரல் 10, இரவு 9.10

முதல் கேள்விக்கு விடை, ஏறக்குறைய ஆம் என்பதே. சோப்பும் ஆல்கஹாலும் எண்ணெயும் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் தெளிந்து நிற்கின்றன. தண்ணீர் அவ்விகிதத்தைக் குலைத்ததும் எண்ணெய் துளிகளாக வெளிவருகிறது. அந்த மையத்தின் ஊழியருக்கு உங்கள் கடைக் காம்பவுண்டைக் காட்டியிருந்தால் நூறு மடங்கு தண்ணீர் சேர்த்திருக்கமாட்டார்.

இரண்டாவது கேள்விக்கு விடை, இல்லை. தெளிவு என்பது துளி சிறியது என்பதற்கு மட்டுமே சான்று. இதை முதலில் முறைப்படி ஆராய்ந்த ஹோரும் ஷுல்மனும் 1943இல் எழுதியபோது நுண்பால்மம் என்ற சொல்லே இல்லை. அது 1959இல்தான் ஷுல்மன் குழுவினரால் வழக்குக்கு வந்தது. அச்சொல் ஒரு குழப்பத்தையும் கூடவே கொண்டுவந்துவிட்டது. சாதாரணப் பால்மத்தை இன்னும் நுணுக்கி அடித்தால் நுண்பால்மம் கிடைக்கும் என்று பலர் எண்ணிக்கொண்டார்கள். உண்மையில் இரண்டும் வேறு சாதி. நுண்பால்மம் வெப்ப இயக்கவியல்படி நிலையானது, தானாகவே உருவாகும், எந்த வரிசையில் கலந்தாலும் ஒன்றாகவே முடியும். மீயொலியால் அடித்து நுணுக்கிய நானோ பால்மம், எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும், மெல்ல மெல்லப் பிரிந்துகொண்டிருக்கும் ஒன்றுதான்.

ஆகவே அம்மா, எந்தக் கருவியையும் தொடுவதற்கு முன் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். இரண்டு மாதிரிகளையும் வரிசை மாற்றிக் கலந்து பாருங்கள்: நீரில் ட்வீனையும் எத்தனாலையும் கரைத்துவிட்டுக் கடைசியில் எண்ணெயைச் சேர்த்து, மூடிவைத்து, இரண்டு நாள் காத்திருங்கள். அடுத்து, நீர்த்தொட்டியில் வைத்துக் கலங்கும்வரை சூடாக்கிவிட்டு, கலக்காமல் ஆறவிடுங்கள். தானாகத் தெளிகிறதா, எந்த வெப்பநிலையில் தெளிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மையவிலக்குக் கருவியில் அரை மணி நேரம் சுழற்றுங்கள். என் கணிப்பு, நெறியாளர் பரவாயில்லை என்று சொன்ன ‘ஆ’ இம்மூன்றிலும் தோற்கும். சாளை எண்ணெய் நீண்ட சங்கிலியுடைய டிரைகிளிசரைடு. அந்தப் பருத்த மூலக்கூறு சர்ஃபேக்டன்ட் வால்களுக்கிடையே எளிதில் நுழையாது. 8 சதவீதத்தை ட்வீன் தாங்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

தொண்டி சாலை
ஏப்ரல் 11, காலை 10.00

சென்னையில் மருந்துத் தரக்கட்டுப்பாட்டில் பணிபுரிகிறேன். சொந்த ஊர் தொண்டிப் பக்கம். மாணவிக்கு எளிய சாயச் சோதனையையும் சொல்லலாமே. ஒரு வெள்ளைப் பீங்கான் ஓட்டில் மாதிரியின் இரண்டு துளிகளை வைத்து, ஒன்றில் மெத்திலீன் நீலத்தின் ஒரு துகளையும் மற்றொன்றில் சூடான் சிவப்பின் ஒரு துகளையும் இட்டால், எந்தச் சாயம் விரைந்து பரவுகிறதோ அதற்குரிய திரவம்தான் துளிகளைச் சூழ்ந்து நிற்கும் தொடர் ஊடகம் என்பது தெரிந்துவிடும். செலவு இல்லை, ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

உப்புக்காற்று
ஏப்ரல் 11, பகல் 12.45

சாதாரணப் பால்மத்துக்கு அது நல்ல சோதனை என்பதை மறுக்கவில்லை. நுண்பால்மத்தில் அதை நம்பி முடிவெழுதியவர்களின் ஆய்வேடுகளைத் திருத்தித் திருத்திச் சலித்தவன் நான். எண்ணெயும் நீரும் இரண்டுமே தொடர்ச்சியாகப் பின்னிக் கிடக்கும் இருதொடர் அமைப்பில் இரண்டு சாயங்களும் பரவும். மிசெலுக்குள் புகுந்துகொண்டு சூடானும் நகரும். எத்தனால் சேர்ந்த நீரில் அது கொஞ்சம் கரையவும் செய்யும். எனவே சாயம் சொல்வதைக் காதில் வாங்கிக்கொள்ளலாம், தீர்ப்பாக எழுதக்கூடாது.

அதைவிட மலிவான, அதைவிட நேர்மையான சோதனை ஒன்று உண்டு. பழுதான கால்குலேட்டரின் திரையிலிருந்து முனைவாக்கும் தாளை உரித்து இரண்டு துண்டுகளாக வெட்டி, ஒன்றைத் திருப்பி ஒளி மறையும்படி எதிரெதிரே பிடியுங்கள். நடுவே குழாயை நுழையுங்கள். நுண்பால்மம் எல்லாத் திசையிலும் ஒரே இயல்புடையது என்பதால் இருட்டாகவே இருக்கும். மாதிரியில் அடுக்கு வடிவத் திரவப் படிகம் கலந்திருந்தால் அந்த இடம் மட்டும் பளிச்சென்று ஒளிரும். கட்டியாக நின்று, தட்டினால் அதிரும் கூழ் ஒன்று இருட்டாகத் தெரிந்தால் அது கனசதுரப் படிக நிலை. அதையும் நுண்பால்மமென்று எண்ணி ஏமாறாதீர்கள்.

தொண்டி சாலை
ஏப்ரல் 11, பகல் 1.30

கால்குலேட்டர் தாள் யோசனை எனக்கே புதிது. சாயச் சோதனையை விட்டுவிடச் சொல்லமாட்டேன்; ஆனால் ஐயா சொன்ன எச்சரிக்கையோடு முதல் நாள் குறிப்பில் மட்டும் எழுதுங்கள்.

காரைக்குடி மின்முனை
ஏப்ரல் 11, இரவு 10.15

தொடர் ஊடகம் எது என்பதற்கு மின்கடத்துத்திறன்தான் சரியான அளவை. ஆனால் இரண்டு முன்னெச்சரிக்கைகள் வேண்டும். ட்வீன் அயனியாகாத சர்ஃபேக்டன்ட் என்பதால் வாலைவடிநீரோடு அளந்தால் மீட்டர் எதையும் காட்டாது. நீருக்குப் பதிலாக 0.01 மோலார் சோடியம் குளோரைடு கரைசலைப் பயன்படுத்துங்கள்; அவ்வளவு உப்பால் ட்வீனின் நடத்தை பெரிதாக மாறாது. கலத்தின் மாறிலியை 0.01 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் சரிபாருங்கள். 25 டிகிரியில் அது சென்டிமீட்டருக்கு 1413 மைக்ரோசீமென்ஸ் காட்ட வேண்டும். பிளாட்டின மின்முனையில் முந்தைய மாதிரியின் எண்ணெய்ப் படலம் ஒட்டியிருந்தால் அந்த எண் வராது. எத்தனாலில் கழுவி, நீரில் அலசி, மறுபடியும் பாருங்கள்.

பிறகு எண்ணெய், ட்வீன், எத்தனால் கலவையில் தொடங்கி நீரைப் பியூரெட்டிலிருந்து சேர்த்துக்கொண்டே கடத்துத்திறனை அளந்து வரைபடமாக்குங்கள். நீர் சிறு துளிகளாக எண்ணெயில் மிதக்கும்வரை கடத்துத்திறன் தரையோடு தரையாகக் கிடக்கும். துளிகள் நெருங்கி, ஒன்றையொன்று தொட்டு, அயனிகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும் கட்டம் வந்ததும் வளைவு சட்டென்று நிமிரும். ஏஓடி என்னும் அயனி சர்ஃபேக்டன்டைக் கொண்ட நுண்பால்மங்களில் இந்த ஏற்றம் ஆயிரம் மடங்கையும் தாண்டக்கூடும். அங்கே நீரைக் கூட்டாமல் வெப்பநிலையை மட்டும் உயர்த்தியும் அதை வரவழைக்கலாம். ட்வீன், எத்தனால் கலவையில் வளைவு அவ்வளவு கூர்மையாக இராது, ஏனெனில் எத்தனால் இரு பக்கமும் கரைந்து எல்லையை மழுக்கிவிடுகிறது.

மின்வேதியியல்காரனாக இன்னொரு வழியையும் சொல்லாமல் போக மனமில்லை. எண்ணெயில் ஃபெரோசீனையும் நீரில் பொட்டாசியம் ஃபெரோசயனைடையும் கரைத்து, மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை அளக்கும் சுழற்சி வோல்டாமெட்ரி எடுங்கள். வருடு வேகத்தின் வர்க்கமூலத்துக்கு எதிராக உச்சி மின்னோட்டத்தை வரைந்தால், சாய்விலிருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு விரைவாகப் பரவுகிறது என்பதைக் காட்டும் விரவல் கெழு கிடைக்கும். எண்ணெய்த் துளிக்குள் அடைபட்ட ஃபெரோசீன், துளியையே இழுத்துக்கொண்டு நகர வேண்டியிருப்பதால், மந்தமாக இருக்கும். இருதொடர் அமைப்பில் இரண்டுமே தங்குதடையின்றி ஓடும். உங்களிடம் எத்தனால் இருப்பதால் ஃபெரோசீன் கொஞ்சம் நீர்ப்பக்கம் கசியும். அதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

பாம்பன் பாலத்தடி
ஏப்ரல் 12, காலை 6.50

உப்புக் கரைசல் என்றால் நமக்குக் கடல்நீரே கிடைக்கிறதே. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் ஒரு குடம் எடுக்கலாம்.

காரைக்குடி மின்முனை
ஏப்ரல் 12, காலை 9.30

கேட்பதற்கு நன்றாக இருக்கிறது, ஆய்வுக்கு ஆகாது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது என்பது மட்டுமன்று, அதில் 0.4 கிராம் அளவில் கால்சியமும் 1.3 கிராம் அளவில் மெக்னீசியமும் இருக்கின்றன. ட்வீனுக்கு அதனால் பெரிய தொல்லை இல்லை. எதிர்மின் சர்ஃபேக்டன்டில் ஊற்றினால் கால்சியம் அதைப் பிடித்து வீழ்படிவாக்கிவிடும். நம் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீரில் சோப்பு நுரைக்காமல் திரிவதும் இதே காரணத்தால்தான். மழைக்காலம் முடிந்த கையோடு கரையோர நீரின் உப்பு குறைந்தும் இருக்கும். எடை போட்டுக் கரைத்த உப்புக்குத்தான் மறுநாளும் அதே எண் வரும்.

உப்புக்காற்று
ஏப்ரல் 12, மாலை 5.20

உப்பைப் பற்றிப் பேச்சு வந்ததால் நுண்பால்மங்களை வகைப்படுத்திய வின்சரைச் சொல்லியாக வேண்டும். 1948இல் அவர் வகுத்த பாகுபாடு இன்றும் புழக்கத்தில் உள்ளது. அயனி சர்ஃபேக்டன்டோடு எண்ணெயையும் நீரையும் சம அளவில் எடுத்துப் பத்துப் பன்னிரண்டு குழாய்களில் உப்பை மட்டும் படிப்படியாகக் கூட்டிக்கொண்டு போனால், முதல் சில குழாய்களில் நுண்பால்மம் அடியில் நிற்கும், மேலே மிச்ச எண்ணெய் இருக்கும். கடைசிக் குழாய்களில் அது மேலேறிவிடும். இடைப்பட்ட ஒன்றிரண்டில் மட்டும் மேலே எண்ணெய், கீழே நீர், நடுவே நுண்பால்மம் என மூன்று அடுக்குகள் தெரியும். அந்த நடு அடுக்கு இருக்கும் இடத்தில்தான் இடைமுக இழுவிசை அதலபாதாளத்துக்குப் போகும்.

அதை அளக்க வளையமோ தட்டோ பயன்படாது. சுழல்துளி முறைதான் வழி. கனமான திரவம் நிறைந்த மெல்லிய கண்ணாடிக் குழாயில் இலேசான திரவத்தின் ஒரு துளியை விட்டுக் குழாயை அதன் அச்சில் சுழற்றினால், துளி நீண்டு உருளையாகும். நீளம் விட்டத்தைப்போல் நான்கு மடங்கைத் தாண்டிவிட்டால் 1942இல் வானகட் தந்த எளிய சமன்பாடு போதும்: அடர்த்தி வேறுபாடு, கோண வேகத்தின் வர்க்கம், துளி ஆரத்தின் கனம் ஆகியவற்றின் பெருக்குத்தொகையை நான்கால் வகுக்க வேண்டும். அடர்த்தி வேறுபாடு கனமீட்டருக்கு 100 கிலோகிராம், நிமிடத்துக்கு 5000 சுற்று, ஆரம் 0.2 மில்லிமீட்டர் என்றால் விடை மீட்டருக்கு 0.055 மில்லிநியூட்டன். ஹைட்ரோகார்பன் எண்ணெய்க்கும் வெறும் நீருக்கும் இடையே 50ஐ ஒட்டி இருக்கும் எண் இந்த அளவுக்குச் சரிகிறது. ஆரம் கனத்தில் வருவதால் அங்கே ஐந்து சதவீதம் பிசகினால் விடையில் பதினைந்து சதவீதம் பிசகும். அதைவிடப் பெரிய பொறி ஒன்று உண்டு. குழாயிலுள்ள திரவமே வில்லையாகி, துளியின் அகலத்தைத் தன் ஒளிவிலகல் எண்ணால் பெருக்கிக் காட்டும். நீரின் 1.33ஐத் திருத்த மறந்தால் விடை இரண்டேகால் மடங்குக்கு மேல் எகிறும். உங்கள் அபே ஒளிவிலகல்மானிக்கு அங்கேதான் வேலை.

என் ஆய்வுக்காலத்துப் பிசகு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். டிஎல்எஸ் அளந்துகொண்டிருந்தபோது மின்தடை ஏற்பட்டு நீர்த்தொட்டியின் வெப்பநிலைக் கட்டுப்பாடு நின்றுபோயிற்று. மின்சாரம் திரும்பிய பிறகு அது மறுபடியும் ஓடத் தொடங்கவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை. மாதிரி 35 டிகிரியில் இருக்க, கணினியோ 25 டிகிரி என்று எண்ணிக் கணக்கிட்டது. நீரின் பாகுநிலை 25இல் 0.89 மில்லிபாஸ்கல் வினாடி, 35இல் 0.72. துளி வேகமாக அசைந்ததைக் கணினி, துளி சிறியது என்று புரிந்துகொண்டது. 10 நானோமீட்டர் ஆரம் 7.8 என்று வந்தது. நீர் அளவு மாறாமல் துளி ஏன் சுருங்கிற்று என்று மூன்று வாரம் கோட்பாடு தேடினேன்.

மண்டபத்து மாணவி
ஏப்ரல் 16, இரவு 8.30

ஐயா சொன்ன மூன்றையும் செய்துவிட்டேன். ‘அ’ எந்த வரிசையில் கலந்தாலும் தெளிந்தது. எண்ணெயைக் கடைசியில் சேர்த்தபோது மட்டும் ஒன்றரை நாள் ஆயிற்று. 52 டிகிரியில் கலங்கி, ஆறியபோது 50க்கு வந்ததும் கலக்காமலேயே தெளிந்தது. ‘ஆ’ வரிசை மாற்றியதும் பாலாகவே நின்றுவிட்டது. சூடாக்கி ஆறவிட்டதும் முன்பிருந்த நீலப் பூச்சு திரும்பவில்லை. மையவிலக்கில் குழாயின் மேல் விளிம்பில் மஞ்சள் வளையமாக எண்ணெய் திரண்டது. வளையத்தை நெறியாளரிடம் காட்டினேன்; அவர் வேறு எதுவும் கேட்கவில்லை.

இப்போது டிஎல்எஸ் மறுபடியும் எடுக்க வேண்டும். நீர்க்காமல் அளந்தால் 38 சதவீதப் பொருள் செறிவில் எண் சரியாக வருமா?

உப்புக்காற்று
ஏப்ரல் 16, இரவு 10.00

வராது. அச்செறிவில் துளிகள் ஒன்றையொன்று தள்ளுவதால் அவற்றின் அசைவு தனித்துளியின் அசைவாக இருக்காது. நீர்க்கத்தான் வேண்டும், தண்ணீரால் நீர்க்கக் கூடாது. எத்தனாலும் நீரும் உங்கள் மாதிரியில் உள்ள 12க்கு 62 என்ற விகிதத்திலேயே கலந்த கரைசலை, மிசெல் வரம்பளவு ட்வீனும் சேர்த்துத் தயாரித்துக்கொள்ளுங்கள். அதைக்கொண்டு நான்கைந்து செறிவுகளில் நீர்த்து அளந்து, விரவல் கெழுவைச் செறிவுக்கு எதிராக வரைந்து, கோட்டைச் சுழியத்துக்கு நீட்டுங்கள். அங்கே வெட்டும் எண்ணைத்தான் துளியின் அளவைத் தரும் ஸ்டோக்ஸ், ஐன்ஸ்டைன் சமன்பாட்டில் இட வேண்டும். எத்தனாலில் கொஞ்சம் துளிக்குள் இருப்பதால் இந்த விகிதம் துல்லியமானதன்று என்பது உண்மை. ஒவ்வொரு நீர்ப்பும் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். கணினியில் நீரின் பாகுநிலையை இட்டுவிடாதீர்கள். எத்தனால் கலந்த நீர் வெறும் நீரைவிட ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் பிசுக்கென்றிருக்கும். உங்கள் ஆஸ்வால்டு பாகுநிலைமானியில் நீங்களே அளந்த எண்ணை எழுதிக் கொடுங்கள்.

தொண்டி சாலை
ஏப்ரல் 17, காலை 8.10

கிரையோ மின்னணு நுண்ணோக்கிப் படம் ஒன்றும் எடுத்துவிட்டால் ஆய்வேட்டுக்கு அழகாக இருக்குமல்லவா?

காரைக்குடி மின்முனை
ஏப்ரல் 17, காலை 11.40

அழகாக இருக்கும், ஆனால் நம்புவதற்கு யோசிக்க வேண்டும். மாதிரியை மெல்லிய படலமாக ஒற்றியெடுத்துத் திரவ ஈத்தேனில் அமிழ்த்துவதற்குள் எத்தனால் ஆவியாகிவிட்டால், படத்தில் விழுவது வேறொரு கலவை. உள்ளமைப்பைக் குலைக்காமல் பார்க்க இரண்டு வழிகள்தான் எனக்குத் தெரிந்து நம்பகமானவை. ஒன்று, காந்தப்புலச் சரிவைத் துடிப்பாகத் தரும் என்எம்ஆர், அதாவது அணுக்காந்த ஒத்ததிர்வு. 25 டிகிரியில் தூய நீரின் விரவல் கெழு வினாடிக்கு 2.3×10⁻⁹ சதுரமீட்டர், 5 நானோமீட்டர் ஆரமுள்ள துளியோ நீரில் 4.9×10⁻¹¹ என்ற அளவில்தான் நகரும். எனவே எண்ணெயின் சைகை துளியோடு சேர்ந்து ஊர்கிறதா, தானே ஓடுகிறதா என்பது ஒரே அளவீட்டில் தெரிந்துவிடும். கடத்துத்திறனில் வரும் ஐயம் இதில் இல்லை.

மற்றொன்று சிறுகோண நியூட்ரான் சிதறல். டிராம்பேயில் துருவா அணு உலையில் அதற்கான கருவி இருக்கிறது. பல்கலைக்கழகத்தினர் விண்ணப்பித்து நேரம் பெறலாம். நீருக்குப் பதில் கனநீரைப் பயன்படுத்தினால் நியூட்ரானின் கண்ணுக்கு நீர்ப்பகுதியும் எண்ணெய்ப்பகுதியும் கறுப்பும் வெளுப்புமாகப் பிரிந்து தெரியும். இருதொடர் அமைப்பாக இருந்தால் அகன்ற ஒற்றை உச்சி வரும். 1987இல் டொய்ப்னரும் ஸ்ட்ரேயும் கொடுத்த சமன்பாட்டை அதில் பொருத்தினால் எண்ணெய்ப் பகுதியும் நீர்ப்பகுதியும் மாறிமாறி வரும் இடைவெளி கிடைக்கும். கனநீருக்கு மாற்றியதும் அயனியாகாத சர்ஃபேக்டன்டின் கலங்கும் வெப்பநிலை ஓரிரு டிகிரி நகரக்கூடும். அதை இங்கேயே பார்த்துவிட்டுப் போவது நல்லது. முதுநிலைத் திட்டப்பணிக்கு இவ்வளவும் அதிகம்தான்.

மண்டபத்து மாணவி
ஏப்ரல் 28, இரவு 9.15

வேறொரு மையத்தில், நான் கொண்டுபோன நீர்ப்புக் கரைசலோடு, 30 டிகிரியில் அளந்தார்கள். ஐந்து செறிவுகளிலும் ஒரே உச்சி. சுழியத்துக்கு நீட்டியதில் விட்டம் 14 நானோமீட்டர் வந்தது. 180 நானோமீட்டர் உச்சியைக் காணவில்லை.

ஆனால் புதிய சிக்கல் ஒன்று முளைத்திருக்கிறது. கேனில் எண்ணெய் தீர்ந்துவிட்டதால் அதே கொட்டகையில் புதிதாக இரண்டு லிட்டர் வாங்கினேன். ‘அ’ விகிதத்திலேயே, அதே ட்வீனில் கலந்தேன். மூன்று நாளாகியும் தெளியவில்லை. முனைவாக்கும் தாளில் இருட்டாக இருக்கிறது, ஆனால் கண்ணுக்கு மங்கல். எதையுமே மாற்றவில்லையே, ஐயா.

உப்புக்காற்று
ஏப்ரல் 28, இரவு 9.50

எண்ணெயை மாற்றியிருக்கிறீர்கள். கேனின் அடியில் பழைய எண்ணெய் மிச்சமிருந்தால் இரண்டின் அமில மதிப்பையும், அதாவது எண்ணெயில் தனித்து நிற்கும் கொழுப்பமிலத்தின் அளவையும், பாருங்கள். ஃபீனால்ஃப்தலீனும் ஆல்கஹாலில் கரைத்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் போதும்.

மண்டபத்து மாணவி
ஏப்ரல் 30, மாலை 7.05

மூன்று முறை தரம்பார்த்தேன். ஒரு கிராம் எண்ணெய்க்குப் பழையதற்கு 14 மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, புதியதற்கு 3. மாடி அறை வெயிலில் நான்கு மாதத்தில் கொழுப்பமிலம் பிரிந்திருக்கிறது. ஒலியிக் அமிலக் கணக்கில் பழைய எண்ணெயில் சுமார் 7 சதவீதம் வருகிறது. நான் எத்தனால் மட்டும் துணையென்று எழுதிக்கொண்டிருந்தேன். அந்த அமிலமும் இடைமுகத்தில் நின்று வேலை பார்த்திருக்கிறது போலும்.

உப்புக்காற்று
ஏப்ரல் 30, இரவு 8.20

போலும் என்பதை நீக்க வேண்டுமானால் 100 கிராம் புதிய எண்ணெய்க்கு ஏறத்தாழ 6 கிராம் ஒலியிக் அமிலம் சேர்த்து, ‘அ’ விகிதத்தில் மறுபடியும் கலந்து பாருங்கள். தெளிந்தால் எந்த வெப்பநிலையில் கலங்குகிறது என்பதையும் எழுதுங்கள். 52க்கு அருகில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் பழைய எண்ணெயில் அமிலத்தோடு பெராக்சைடும் சேர்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு அங்கிருந்து தேடலாம். எண்ணெயைக் கேனில் வைக்காதீர்கள். நிறமடித்த கண்ணாடிப் புட்டியில் வாய்வரை நிரப்பிக் குளிர்பெட்டியில் வையுங்கள்.

மண்டபத்து மாணவி
ஏப்ரல் 30, இரவு 8.45

ஒலியிக் அமிலம் மதுரையிலிருந்து வெள்ளிக்கிழமை வருகிறது. சனிக்கிழமை காலையில் கலந்துவிட்டு எழுதுகிறேன், ஐயா.